ஜப்பானிய வாழ்க்கையை முதலில் படம்பிடித்த வெளிநாட்டவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஜப்பான் என்ற பெயரில் இன்று பலரும் பகிர்ந்துகொள்ளும் வண்ணப் புகைப்படங்களில் பெரும்பாலானவை, 1860-களுக்கும் 1890-களுக்கும் இடையில் யோகோஹாமா துறைமுகத்தை மையமாகக் கொண்டு விற்பனைக்காக எடுக்கப்பட்டவை. குடை பிடித்த பெண், கவசம் பூண்ட வீரன், பல்லக்குத் தூக்கிகள், பின்னணியில் ஃபூஜி மலை என்று திரும்பத் திரும்ப வரும் இந்தக் காட்சிகளை யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள், எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

ஜப்பானுக்குள் கேமராவைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கர்கள்தானா?

இல்லை. அமெரிக்கத் தளபதி பெரியின் போர்க்கப்பல்கள் 1853-இல் எடோ (இன்றைய டோக்கியோ) விரிகுடாவுக்குள் நுழைவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1848-இல், உவேனோ ஷுன்னோஜோ என்ற நாகசாகி வணிகர் டச்சுக் கப்பல் வழியாக வெள்ளி பூசிய தகட்டில் உருவத்தை நேரடியாகப் பதிக்கும் ஒரு டாகுவேரோடைப் கேமராவை வரவழைத்துவிட்டார். அந்தக் கருவியின் நுட்பத்தைக் கைவசப்படுத்த சத்சுமா சிற்றரசின் அறிஞர்கள் பல ஆண்டுகள் முயன்று, 1857 செப்டம்பரில் தங்கள் தலைவர் ஷிமாசு நாரியாகிராவின் உருவத்தை வெள்ளித் தகட்டில் பதித்தார்கள். ஜப்பானியர் எடுத்து இன்றுவரை எஞ்சியிருக்கும் படங்களில் அதுவே மிகப் பழையது. நெடுங்காலம் காணாமல் போயிருந்த அந்தத் தகடு 1975-இல்தான் ஒரு கிடங்கில் கண்டெடுக்கப்பட்டது.

ஜப்பானிய மக்களையும் ஊர்களையும் அங்கேயே நின்று படமெடுத்த வெளிநாட்டவரில் முன்னோடி என்று பெரியின் குழுவில் வந்த எலிஃபலட் பிரவுனைச் சொல்லலாம். 1854-இல் அவர் எடுத்த நூற்றுக்கணக்கான தகடுகளைப் பார்த்துக் கல்லச்சுச் சித்திரங்கள் வரையப்பட்டு, 1856-இல் வெளியான பயண அறிக்கையில் இடம்பெற்றன. மூலத் தகடுகளில் கைவிரல் விட்டு எண்ணத்தக்க சிலவே இன்று மிஞ்சியுள்ளன. ஆகவே அந்தப் பயணத்தின் 'புகைப்படங்கள்' என்று நாம் காண்பவற்றில் பெரும்பகுதி, ஓவியரின் கைபட்டு உருமாறிய சித்திரங்களே.

விற்பனைக்கான படங்கள் எப்போது எடுக்கப்பட்டன?

மேலை நாடுகளோடு ஜப்பான் செய்துகொண்ட 1858-ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின்படி 1859 ஜூலையில் யோகோஹாமா, நாகசாகி, ஹகோடாதே ஆகிய துறைமுகங்கள் அயல்நாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டன. லண்டனிலிருந்த நெக்ரெட்டி - ஸாம்ப்ரா நிறுவனம் அனுப்பிய சுவிஸ் நாட்டவரான பியர் ரோசியே அதே ஆண்டு நாகசாகிக்கு வந்து சேர்ந்தார். ஐரோப்பியச் சந்தையில் விற்கப்பட்ட முதல் ஜப்பான் காட்சிகள் அவர் எடுத்தவை. அவர் நெடுநாள் தங்கவில்லை. ஆனால் தங்கிய காலத்தில் உள்ளூர் இளைஞர்கள் சிலருக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். 1860-இல் ஓரின் ஃப்ரீமன் என்ற அமெரிக்கர் யோகோஹாமாவில் முதல் ஸ்டுடியோவைத் திறந்தார்.

பெரும்பாலான படங்கள் யோகோஹாமாவைச் சுற்றியே இருப்பது ஏன்?

அதற்கு மேல் போக அனுமதி இல்லை என்பதே காரணம். ஒப்பந்தத் துறைமுகத்திலிருந்து 10 ரி தூரம், அதாவது ஏறத்தாழ 40 கிலோமீட்டர், வரைதான் சாதாரண வெளிநாட்டவர் செல்லலாம். எடோவின் பக்கம் ரோகுகோ ஆறே எல்லையாக வகுக்கப்பட்டிருந்தது. எடோவுக்குள் நுழைய வேண்டுமானால், ஒரு தூதரகக் குழுவோடு ஒட்டிக்கொண்டுதான் போக முடியும். பின்னாளில் உடல்நலம், ஆராய்ச்சி என்று காரணம் காட்டி உள்நாட்டுப் பயணச்சீட்டு வாங்கலாம் என்றானது. அந்த ஏற்பாடும் 1899-இல் ஒப்பந்தங்கள் திருத்தப்பட்ட பிறகே ஒழிந்தது.

ஆபத்தும் இருந்தது. 1862 செப்டம்பரில் டோகைடோ நெடுஞ்சாலையில், நமமுகி என்ற ஊரருகே, சத்சுமா தலைவரின் தந்தை சென்ற ஊர்வலத்துக்கு வழிவிடாத ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய வணிகரைக் காவல் வீரர்கள் வெட்டிக் கொன்றார்கள். அந்தச் சாலையைப் பின்னர் எடுத்த படம் ஆல்பங்களில் தவறாமல் இடம்பிடித்தது. இருபுறமும் மரங்களும் நடுவில் மண்பாதையுமாக இருக்கும் அந்தப் படத்தில் கொலைக்கான தடயம் எதுவும் இல்லை. குறிப்பைப் படித்தவருக்குத்தான் அது கொலை நடந்த இடம். காமகுராவின் பெரிய புத்தர் சிலையும் எனோஷிமா தீவும் ஒவ்வோர் ஆல்பத்திலும் வருவதற்குக் காரணம், அவற்றின் அழகோடு, அவை அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருந்ததுமாகும்.

ஃபெலிச்சே பெயாட்டோ என்ற பெயர் ஏன் இவ்வளவு முக்கியமாகப் பேசப்படுகிறது?

1832-இல் வெனிஸில் பிறந்த பெயாட்டோ ஜப்பானுக்கு வரும்போது போர்க்களங்களைப் படமெடுத்துப் பழகியவராக இருந்தார். கிரிமியப் போரின் இறுதிக் கட்டத்தையும், 1857 எழுச்சிக்குப் பிந்தைய லக்னோவையும், 1860-இல் சீனாவில் நடந்த இரண்டாம் அபினிப் போரையும் பதிவுசெய்தவர் அவர். லக்னோவின் சிக்கந்தர் பாக் மாளிகை முற்றத்தில் எலும்புகள் சிதறிக் கிடக்கும் அவரது படத்தை இந்திய வரலாற்றில் ஆர்வமுள்ளோர் பார்த்திருக்கக்கூடும். சண்டை முடிந்து மாதக்கணக்கில் ஆன பிறகு எடுக்கப்பட்ட அந்தப் படத்துக்காக எலும்புகள் பரப்பிவைக்கப்பட்டன என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. காட்சியை ஏற்பாடு செய்யும் இந்தக் கை யோகோஹாமாவிலும் ஓயவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1863-இல் யோகோஹாமாவில் இறங்கிய அவர், பத்திரிகை ஓவியரான சார்லஸ் விர்க்மனோடு கூட்டுச் சேர்ந்து ஸ்டுடியோ நடத்தினார். 1864-இல் ஷிமோனோசெக்கி நீரிணையில் மேற்கத்தியக் கடற்படைகள் பீரங்கி மேடைகளைக் கைப்பற்றியபோது அவர் உடன் சென்றிருந்தார். 1866 நவம்பரில் யோகோஹாமாவைச் சூறையாடிய பெருந்தீ அவரது ஸ்டுடியோவையும் அதுவரை சேர்த்த நெகட்டிவ்களையும் சாம்பலாக்கியது. அதன்பின் புதிதாகத் திரட்டிய படங்களைக்கொண்டு 1868-இல் இரண்டு தொகுதிகளை வெளியிட்டார்: ஒன்று நிலக்காட்சிகளும் ஊர்களும்; மற்றொன்று மனிதர்களும் தொழில்களும். பக்கத்துக்கு ஒரு படம், எதிர்ப்பக்கத்தில் அதற்கான விளக்கக் குறிப்பு என்று அவர் வகுத்த அமைப்பையே அவருக்குப் பின் வந்த ஸ்டுடியோக்கள் பலவாறாகப் பின்பற்றின.

ஆனால் கையில் சேர்ந்த பணத்தை ஊக வணிகத்தில் இழந்தார். 1877-இல் ஸ்டுடியோவை ஆஸ்திரியப் பிரபு ரைமுண்ட் ஃபோன் ஸ்டில்ஃபிரீடின் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, 1884-இல் ஜப்பானை விட்டே வெளியேறி, பிற்பாடு பர்மாவில் கலைப்பொருள் வணிகம் செய்தார். 1909-இல் ஃபுளோரன்ஸில் இறந்தார்.

அக்காலத்தில் ஒரு படம் எடுப்பது எவ்வளவு கடினமாக இருந்தது?

ஈரத்தகட்டு முறை என்று அழைக்கப்பட்ட அந்த வேலையை இன்றைய கேமராப் பழக்கத்தோடு ஒப்பிடவே முடியாது. முதலில் கண்ணாடித் தகட்டைத் துளித் தூசி இல்லாமல் துடைக்க வேண்டும். ஈதரிலும் சாராயத்திலும் கரைத்த கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைத் தகட்டின் நடுவில் ஊற்றி, தோசைக்கல்லில் எண்ணெயைச் சுழற்றிப் பரப்புவதுபோல நான்கு மூலைக்கும் ஓடவிட்டு, மிச்சத்தைக் குப்பிக்குள் வடித்துவிட வேண்டும். பிறகு இருட்டுக் கூடாரத்துக்குள் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கியெடுத்து, ஈரம் சொட்டச்சொட்டக் கேமராவில் பொருத்திப் படமெடுத்து, காய்வதற்குள் மீண்டும் கூடாரத்துக்கு ஓடிக் கழுவியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சில நிமிடங்களே அவகாசம். கொலோடியன் காய்ந்துவிட்டால் தகடு பாழ்.

அந்நாளில் படங்களைப் பெரிதாக்கி அச்சிடும் வழக்கம் அநேகமாக இல்லை. முட்டை வெண்கரு பூசிய தாளை நெகட்டிவோடு சேர்த்து வெயிலில் வைத்தே படி எடுத்தார்கள் என்பதால், எந்த அளவில் படம் வேண்டுமோ அதே அளவில் கண்ணாடித் தகடும் அதற்கேற்ற பெரிய கேமராவும் வேண்டியிருந்தன. காமகுராவுக்கு ஒரு பயணம் என்றால் கூடாரம், கண்ணாடிப் பெட்டி, அமிலக் குப்பிகள், தண்ணீர் ஆகியவற்றைச் சுமக்கக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். அவர்களில் சிலர் மரத்தடியிலும் கோயில் வாசலிலும் நின்று படத்திலேயே இடம்பிடித்திருப்பதும் உண்டு.

தகட்டில் ஒளி விழ வேண்டிய நேரம் வினாடிகளில் இருந்தது. அதனால் நடந்து போனவர்கள் மங்கலான புகைபோலத் தெரிகிறார்கள், அல்லது தெரியாமலே போகிறார்கள். ஸ்டுடியோவில் அமர்ந்தவரின் பிடரியை ஓர் இரும்புத் தாங்கி பிடித்திருக்கும். சில படங்களில் காலுக்குப் பின்னால் அதன் அடித்தட்டு எட்டிப் பார்க்கும்.

இந்தப் படங்கள் உண்மையான வாழ்க்கையைக் காட்டுகின்றனவா, நடிப்பா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்; ஒரு வரியில் விடை சொல்லக்கூடியதும் அன்று. புகைப்படத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'ஷாஷின்'. மெய்யைப் படியெடுத்தல் என்பது அந்தச் சொல்லின் பொருள். அந்தப் பெயர் தாங்கிய படங்களில் பாதிக்கு மேல் மேடையேற்றப்பட்ட நாடகம் என்றால் மிகையாகாது.

குசகபே கிம்பெய் என்ற ஜப்பானியப் புகைப்படக்காரரது ஸ்டுடியோவின் ஒரு புகழ்பெற்ற படத்தை எடுத்துக்கொள்வோம். கடும் மழையிலும் காற்றிலும் ஒரு பெண் குடையைச் சாய்த்துப் பிடித்தபடி நடக்கிறாள். கிமோனோவின் ஓரம் காற்றில் பறக்கிறது. மழைத் தாரைகள் சாய்வாக விழுகின்றன. உண்மையில் அங்கே காற்றும் இல்லை, மழையும் இல்லை. உடையின் ஓரத்தைக் கம்பியால் இழுத்து நிறுத்தி, மழையை நெகட்டிவின் மேல் ஊசியால் கீறியிருக்கிறார்கள். கீறிய இடம் அச்சில் கருங்கோடாக விழும். நெகிழ்ந்து பறப்பதாகத் தோன்றும் துணியின் நுனி கூர்மையாகப் பதிந்திருப்பதே அது ஆடாமல் நின்றது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மெத்தையில் இரு பெண்கள் உறங்கும் 'இரவு' காட்சிகளும் இப்படித்தான்: பகல் வெளிச்சம் இல்லாமல் தகட்டில் எதுவும் பதியாது என்பதால், அந்த நள்ளிரவுகள் எல்லாம் நண்பகலில் எடுக்கப்பட்டவையே.

சாமுராய் படங்களில் ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1860-களில் பெயாட்டோ எடுத்த சத்சுமா வீரர்களின் குழுப்படங்கள் உண்மையான வீரர்களுடையவை. 1876-இல் பொது இடங்களில் வாள் அணிவதை அரசு தடைசெய்துவிட்டது. அதற்குப் பிந்தைய ஆல்பங்களில் கவசமும் இரட்டை வாளுமாக நிற்பவர்கள் பெரும்பாலும் கூலிக்கு நின்றவர்கள். கவசம் ஸ்டுடியோவின் சொத்து. வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் சடங்கின் படங்கள் சந்தேகமில்லாமல் நடிப்பு. பெண்களின் படங்களுக்கு அமர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் கெய்ஷாக்கள் (ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் பெண்கள்), தேநீர் விடுதிப் பெண்கள், பரத்தையர் ஆகியோரே; விற்பனைக்கான படத்துக்கு நல்ல குடும்பத்துப் பெண்கள் அமர்வது அரிதாக இருந்த காலம் அது. ஆனால் குறிப்பில் 'ஜப்பானியப் பெண்' என்று மட்டும் இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்தப் படங்களைத் தூக்கியெறிவது தவறு என்றே கருதுகிறேன். காட்சி புனைவானாலும் அதில் உள்ள பொருள்கள் மெய்யானவை. உறங்கும் பெண்களின் கழுத்துக்குக் கீழே உள்ள மரத்தலையணையைப் பாருங்கள்: எண்ணெய் தடவிக் கட்டிய கொண்டை கலையாதிருக்கப் பிடரியை மட்டும் தாங்கும் அந்தச் சிறு பெட்டி, அன்று வீடுகளில் புழங்கியது. புகையிலைத் தட்டு, மரச்செருப்பு, குழந்தையை முதுகில் கட்டும் விதம், பல்லக்கின் மூங்கில் முடிச்சு ஆகியவை கற்பனையில் பிறந்தவை அல்ல. 1872-இல் அரசு பச்சை குத்துவதைத் தடைசெய்தது. அதற்கு முன் குதிரைக்காரர்களின் முதுகு முழுவதும் படர்ந்திருந்த பச்சை உருவங்களைப் பெயாட்டோவின் படங்கள் நுணுக்கமாகக் காட்டுகின்றன. நாடகத்தை நம்பாமல் அதன் சாமான்களை நம்பலாம் என்பதே இந்த ஆல்பங்களை நெடுநாள் புரட்டியதில் எனக்குப் பிடிபட்ட வழி.

வண்ணம் எப்படி வந்தது? தீட்டியவர்கள் யார்?

கேமராவுக்கு வண்ணம் தெரியாது. பழுப்பேறிய அச்சின் மேல் நீரில் கரையும் சாயங்களை மெல்லிய தூரிகையால் தீட்டியவர்கள் ஜப்பானியக் கலைஞர்கள். மரக்கட்டை அச்சோவிய மரபில் வண்ணம் பயின்ற கைகள் ஊரில் ஏற்கெனவே இருந்தன. கிமோனோவின் பூவேலையை ஒரு மயிரிழை பிசகாமல் நிரப்ப அந்தப் பயிற்சிதான் உதவியது. இத்தாலியரான அடோல்ஃபோ ஃபார்சாரியின் ஸ்டுடியோவில் 1891-இல் வேலை பார்த்த 32 பேரில் 19 பேர் வண்ணம் தீட்டுபவர்கள். அங்கே ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு மூன்று படங்களுக்கு மேல் முடிப்பதில்லை. அட்டையில் ஃபார்சாரியின் பெயர் பொன்னெழுத்தில் இருக்கும்; தீட்டியவர் பெயர் எங்கும் இராது. வெளிநாட்டவர் எடுத்த படங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் அந்தப் படங்களை விற்கச் செய்த அழகு பெரும்பாலும் இந்தப் பெயரற்றவர்களின் உழைப்பு.

ஒரு எச்சரிக்கை: ஒரே நெகட்டிவிலிருந்து எடுத்த இரண்டு படிகளில் ஒன்றில் கிமோனோ நீலமாகவும் மற்றொன்றில் ஊதாவாகவும் இருக்கக் காணலாம். ஆகவே அக்காலத் துணிகளின் நிறத்துக்கு இந்தப் படங்களைச் சான்றாகக் காட்டக் கூடாது.

கேமராவைக் கண்டு மக்கள் அஞ்சினார்களா?

படம் எடுத்தால் உயிர் குறைந்துவிடும், மூவர் சேர்ந்து நின்றால் நடுவில் நிற்பவர் முதலில் இறப்பார் என்ற நம்பிக்கைகள் பரவலாக இருந்தன. வேறொரு சங்கடமும் இருந்தது. டாகுவேரோடைப்பில் உருவம் இடவலம் மாறிப் பதியும். கிமோனோவின் இடப்பக்கம் மேலே வருமாறு உடுத்துவது வழக்கம். வலப்பக்கத்தை மேலே போடுவது பிணத்துக்கு மட்டும். படத்தில் தாம் பிணக்கோலத்தில் தெரியக் கூடாதென்று, சிலர் உடையையும் வாளையும் வேண்டுமென்றே மாற்றி அணிந்துகொண்டு அமர்ந்தார்கள்.

அரண்மனையின் அச்சம் வேறு வகை. 1872 ஜனவரி முதல் நாள் பேரரசர் மெய்ஜி யோகோசுகா கப்பல்கட்டும் தளத்தைப் பார்வையிட வந்தபோது, ஸ்டில்ஃபிரீட் மறைந்திருந்து அவரைப் படமெடுத்துவிட்டார். பேரரசரின் முகத்தையே குடிமக்கள் பாராத காலத்தில், அது கடைச்சரக்காக விற்பனைக்கு வருவதை அரசால் பொறுக்க முடியவில்லை. நெகட்டிவ் பறிமுதல் செய்யப்பட்டது. ஆனால் அதே ஆண்டில் உச்சிதா குயிச்சி என்ற ஜப்பானியரை அழைத்து அதிகாரபூர்வமான படம் எடுக்கச் செய்தார்கள். திருட்டுப் படம் உலவுவதைவிட நாமே ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கலாம்.

ஜப்பானியப் புகைப்படக்காரர்களின் பங்கு என்ன?

1862-லேயே நாகசாகியில் உவேனோ ஹிகோமாவும் யோகோஹாமாவில் ஷிமோவோகா ரெஞ்சோவும் ஸ்டுடியோ திறந்துவிட்டார்கள். முதல் கேமராவை வரவழைத்த வணிகரின் மகனான ஹிகோமா டச்சு மருத்துவரிடம் வேதியியல் பயின்று, அந்த ஆண்டே அத்துறையில் கைநூல் ஒன்றையும் வெளியிட்டார். பெயாட்டோவிடமும் ஸ்டில்ஃபிரீடிடமும் பணிபுரிந்த கிம்பெய் 1881-இல் சொந்தக் கடை போட்டு, தம் முதலாளிகளின் சந்தையையே பிடித்துக்கொண்டார். 1890-களில் தமமுரா கொசாபுரோ, பாஸ்டன் பதிப்பகம் ஒன்றின் ஆணையின்பேரில் லட்சக்கணக்கான வண்ணப் படங்களைத் தயாரித்துக் கொடுத்தார். அவர்களும் வெளிநாட்டு வாடிக்கையாளர் விரும்பிய அதே கெய்ஷாவையும் சாமுராயையும்தான் எடுத்தார்கள், வயிற்றுப்பாடு அப்படி.

வாங்கியவர்கள் யார்?

1869-இல் சூயஸ் கால்வாயும் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ரயில் பாதையும் திறக்கப்பட்டபின், உலகைச் சுற்றிவரும் பயணிகள் யோகோஹாமாவில் வந்து குவிந்தார்கள். கடையில் எண்ணிட்ட மாதிரிகளைப் பார்த்து 50 அல்லது 100 படங்களைத் தேர்ந்தெடுத்தால், அரக்குப் பூச்சும் முத்துச்சிப்பிப் பதிப்பும் கொண்ட அட்டையில் கட்டித் தருவார்கள். ஒவ்வோர் ஆல்பமும் வெவ்வேறாக இருப்பது அதனால்தான்.

ஒரு பழைய படத்தை எடுத்தவர் யார் என்று எப்படி அறிவது?

படத்தின் அடியில் எண்ணும் ஆங்கிலத் தலைப்பும் பொறிக்கப்பட்டிருந்தால் அது நல்ல தொடக்கம்; கிம்பெய்யின் பட்டியலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் இருந்தன. ஆனால் எண் என்பது விற்றவரின் அடையாளம். எடுத்தவரின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. பெயாட்டோவின் நெகட்டிவ்கள் ஸ்டில்ஃபிரீடிடம் போயின. அந்த ஸ்டுடியோவை 1885-இல் ஃபார்சாரி வாங்கினார். அவரிடமிருந்த நெகட்டிவ்களை 1886-இல் ஒரு தீ விழுங்கியது. ஐந்து மாதம் நாடு சுற்றி அவர் புதியவற்றை எடுத்துவந்தார். கைமாறிய ஒவ்வொரு முறையும் பழைய படம் புதிய பெயரில் விற்கப்பட்டது. ஆல்பத்தின் அட்டையில் உள்ள பெயரை மட்டும் நம்பி முடிவுகட்ட வேண்டாம்.

ஒரே ஒரு படத்தை நிதானமாகப் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்?

1865-66 வாக்கில் எடோவின் அடாகோ குன்றின் மேலிருந்து பெயாட்டோ எடுத்த ஐந்து படங்களின் தொடரைச் சொல்வேன். உச்சியில் உள்ள கோயிலுக்கு 86 செங்குத்தான கற்படிகள் உண்டு. கண்ணாடிகளும் கூடாரமும் அந்தக் குன்றின் மேல் ஏற்றப்பட்டிருக்கின்றன. ஐந்து அச்சுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்தால், சிற்றரசர்களின் மாளிகைக் கூரைகள் சாம்பல் ஓடுகளாகக் கடல் வரை அலையலையாக விரிகின்றன. இதில் வேடமிட்டவர் யாரும் இல்லை, ஏற்பாடு செய்த காட்சியும் இல்லை. தெருக்கள் வெறிச்சோடித் தெரிவதற்கு முதற்காரணம் கேமராவின் மந்தம். ஆனால் சிற்றரசர்கள் முறைவைத்து எடோவில் வந்து தங்க வேண்டும் என்ற கட்டாயம் 1862-இல் தளர்த்தப்பட்டு, பலர் தம் பரிவாரத்தோடு சொந்த ஊர் திரும்பிவிட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீண்ட வெள்ளைச் சுவர்களில் வரிசையாக உள்ள மரக்கம்பிச் சன்னல்கள் அந்தப் பரிவாரத்தார் தங்கிய குடியிருப்புகளுடையவை. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அவற்றின் கம்பிகளைக்கூட எண்ணிவிடலாம்.